நாலுவழிச்சாலையில் பூட்டிய வழி யாருக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

‘அவசர ஊர்திகளுக்கு மட்டும்’ என்று பலகை வைத்துக் கதவு போட்ட ஏற்றத்தில் (நாலுவழிச்சாலைக்கு ஏறும் சரிவுப் பாதையில்) சொந்தக் காரில் போகலாமா? உள்ளே உயிருக்குப் போராடுகிற நோயாளி இருந்தால்? (தாழையூத்து)

போகக்கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் ரோந்து, சாலைப் பராமரிப்பு வண்டிகள், மீட்புக் கிரேன் ஆகியவற்றுக்கு மட்டும்தான் அந்த வழி. சாதாரண ஏற்றத்தில் வண்டி வேகம் பிடித்து மெல்லக் கலந்துகொள்ள நீளமான தனித்தடம் விட்டிருப்பார்கள். இந்தப் பூட்டிய ஏற்றத்தில் அது கிடையாது. ஏறக்குறைய நேர்க்குறுக்காக வந்து பிரதான சாலையில் முட்டும். மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் வருகிறவர் அங்கிருந்து ஒரு கார் மூக்கை நீட்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. சைரனும் சுழல்விளக்கும் இல்லாத காரில் அப்படி நுழைந்தால் நோயாளியோடு இன்னும் நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

முறையான வழியில் கிளம்புங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைத்து, எதிரே வரும் ஆம்புலன்ஸைச் சந்திக்க ஓர் இடம் பேசிக்கொள்ளட்டும். டோல்கேட், சர்வீஸ் ரோட்டு பஸ் ஸ்டாப் போல வண்டியைப் பத்திரமாக நிறுத்தும் இடமாக இருக்கட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரை சொந்தக் காரில் பதறிக்கொண்டு ஓட்டுவதை விட, நடுவழியிலேயே ஆக்சிஜன் கிடைப்பது மேல்.

எங்கள் ஊர் விலக்கில் சென்டர் மீடியனை (சாலை நடுத்திட்டை) உடைத்து ஒரு வழி விட்டால் என்ன? வயலுக்குப் போக டிராக்டர் 3 கி.மீ. சுற்றுகிறது. ஆம்புலன்ஸுக்கும் உதவுமே. (மூன்றடைப்பு)

டீசலும் நேரமும் வீணாவது உண்மைதான். ஆனாலும் இந்தக் கணக்கைப் பாருங்கள். டிரெய்லரோடு டிராக்டர் சுமார் 10 மீட்டர் நீளம். அது கடக்க வேண்டியது 3.5 மீட்டர் அகலத்தில் இரண்டு தடம், ஓரத்துத் தார்ப்பட்டை 1.5 மீட்டர். வால் முழுக்க வெளியேற ஏறத்தாழ 18 மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அதற்கு ஆறரை விநாடி. அதற்குள் நூறில் வரும் கார் 180 மீட்டர் வந்துவிடும். அந்த வேகத்தில் ஆபத்தைக் கண்டு நிறுத்த இந்தியச் சாலை விதிமுறை கணக்கிடும் தூரமும் அதே 180 மீட்டர்தான். அதாவது எல்லாம் சரியாக இருந்தால் நூலிழையில் தப்பலாம். இருட்டு, மழை, கரும்பு லோடு, பின்விளக்கு இல்லாத டிரெய்லர் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் அந்த நூலும் இல்லை.

இரண்டாவது பிரச்சினை மீடியனின் அகலம். நம் பக்கம் பெரும்பாலான இடங்களில் அது ஐந்து மீட்டருக்குள்தான். நடுவில் நின்று பார்த்துக் கடக்கலாம் என்று திரும்புகிற ஆம்புலன்ஸின் பின்புறம் வேகத்தடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அரளி வளர்ந்திருந்தால் அந்த வண்டி கண்ணிலும் படாது. அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோவின் வழிகாட்டி இந்த அவசரத் திறப்புகளுக்கு மீடியன் 7.6 மீட்டராவது வேண்டும் என்கிறது. ஏற்றத்தின் தனித்தடம் முடியும் இடத்திலிருந்தும் பாலத்திலிருந்தும் 450 மீட்டர் தள்ளி, வளைவில்லாத இடத்தில், மற்றவர் கண்ணில் அதிகம் படாதபடி அமைக்கச் சொல்கிறது.

உங்கள் ஊருக்குக் கேட்க வேண்டியது சர்வீஸ் ரோடும் அண்டர்பாஸும். அண்டர்பாஸ் இருந்தால் அதன் இருபுறமும் பூட்டிய ஏற்றம் ஒன்று வைத்து ஆம்புலன்ஸுக்கும் வழி செய்துவிடலாம். மனு எழுதும்போது டிராக்டர், பள்ளி வேன், ஆடுமாடு எத்தனை கடக்கின்றன என்று ஒரு வாரம் எண்ணிக் குறித்து இணையுங்கள்.

விபத்தைப் பார்த்து 108-க்குப் போன் செய்தால் ‘எந்த இடம்’ என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும்? (வள்ளியூர்)

முதலில் பக்கம்: மதுரை போகிற பக்கமா, நாகர்கோவில் போகிற பக்கமா. இதைச் சொல்லாமல் ஊர்ப்பெயரை மட்டும் சொல்வதால்தான் வண்டி எதிர்ப்பக்கம் வந்து, அடிபட்டவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அடுத்த திறப்பு 4 கி.மீ. தள்ளி என்றால் போக 4, வர 4. எண்பதில் ஓட்டினாலும் 6 நிமிடம் போயிற்று. ரத்தம் போகிறவருக்கு அது பெரிய நேரம்.

அடுத்து கல். கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று சின்னக் கற்கள் நிற்கும். சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரிலும் எண் இருக்கும்: சாய்கோட்டுக்கு முன்னால் கிலோமீட்டர், பின்னால் அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது பாலம் என்பது. மூன்றாவதாக, அடிபட்டவர் மெயின் ரோட்டிலா, சர்வீஸ் ரோட்டிலா, சரிவுக்குக் கீழேயா என்று சொல்லுங்கள். வண்டிக்குள் சிக்கியிருந்தால் அதையும் சொன்னால்தான் தீயணைப்புத் துறையும் கிளம்பும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. கிரேனும் ரோந்து வண்டியும் அதன்வழி வரும்.

கதவும் பூட்டும் இருக்கிறது, அவசரத்துக்குச் சாவிதான் இல்லை. எப்படி அமைத்தால் இது வராது? (ஊராட்சி உறுப்பினர், நாங்குநேரி வட்டாரம்)

பொதுமக்களுக்கு எப்போதும் மூடியிருக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கு அரை நிமிடத்தில் திறக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த வழியால் பயனில்லை.

சாலையின் ஒரு பகுதிக்குள் இருக்கும் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி பொருந்தட்டும். டோல்கேட் கட்டுப்பாட்டு அறை, ரோந்து வண்டி, அந்தப் பகுதி ஆம்புலன்ஸ், தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. பூட்டு வளையம் 8 மி.மீ.-க்கு மேல் தடிமன் வேண்டாம். சாதாரண இரும்பாக இருந்தால் போல்ட் கட்டர் வெட்டிவிடும். திருட்டுக்குப் பயந்து தடித்த பூட்டு போடுவது இங்கே தவறு.

கதவு சாலை விளிம்பிலேயே இருக்கக்கூடாது. தீயணைப்பு வண்டி 8, 9 மீட்டர் நீளம். கதவு திறக்கும் வரை அது முழுசாகச் சாலையை விட்டு விலகி நிற்க, விளிம்பிலிருந்து 12 மீட்டராவது உள்ளே தள்ளுங்கள். வண்டியின் அகலம் 2.6 மீட்டர் வரை போகும் என்பதால் கதவு திறந்தபின் 4.5 மீட்டர் வழி வேண்டும். திருப்பத்திலேயே கதவு வந்தால் 6 மீட்டர்.

பலரும் கவனிக்காதது கதவின் அடி இடைவெளி. தார் மேல்பூச்சு ஒருமுறை போட்டாலே தரை 4, 5 செ.மீ. உயர்ந்துவிடும். அடியில் 15 செ.மீ. விடாத கதவு இரண்டாம் பூச்சுக்குள் தரையில் இடித்து நின்றுவிடும். கீலுக்கு கிரீஸ் வேண்டும். சீமைக்கருவேல் ஒரு மழைக்கே கதவைப் பின்னிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஒரே ஆள் திறந்து பார்த்து, எத்தனை விநாடி ஆனது என்று பதிவேட்டில் எழுதட்டும். கதவுக்குப் பதிலாக கான்கிரீட் கட்டையை உருட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது. அதை நகர்த்தக் கிரேன் வர வேண்டும்.

கரிசல் மண்ணில் போட்ட ஏற்றம் வருஷா வருஷம் வெடிக்கிறது, மழையில் அரிக்கிறது. (கயத்தாறு)

கரிசல் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் பிளக்கும். அதன்மேல் நேரடியாக ஜல்லி பரப்பினால் மேலே என்ன போட்டாலும் நிற்காது. வீங்காத சரள் மண்ணை 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை மெத்தையாகப் போட்டு, 20 செ.மீ. அடுக்குகளாகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். 4,500 லிட்டர் தண்ணீரோடு ஏறும் தீயணைப்பு வண்டிக்கு 20-க்கு 1 சரிவு வசதி. அதாவது 6 மீட்டர் உயர மேட்டுக்கு 120 மீட்டர் நீளம். இடமில்லாவிட்டால் 15-க்கு 1 வரை இறுக்கலாம். உச்சியில் 10 மீட்டர் சமதளம் விட்டால்தான் ஓட்டுநருக்குச் சாலை தெரியும்.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றத்தின் அடியில் மூடிப்போன ஓடைதான். 600 மி.மீ.-க்குக் குறைந்த குழாயைப் போடாதீர்கள், சகதி அடைத்தால் வார முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழையைப் பார்த்த பிறகும் ஒற்றைக் குழாயோடு நிறுத்துவது சரியல்ல. இரண்டு போடுங்கள்.

காற்றாலை றெக்கை கொண்டுபோன லாரிக்காக மீடியனைத் திறந்தார்கள். மூடவே இல்லை. (பணகுடி)

60 மீட்டரைத் தாண்டும் றெக்கை திரும்ப வேறு வழியில்லை, திறப்பதில் தவறில்லை. ஆனால் மறுநாளே பழைய இரும்புத் தடுப்பு போல்ட்டோடு திரும்ப ஏற வேண்டும். மண்ணைக் குவித்து விட்டால் பைக்குகள் ஏறி ஏறி ஒரு வாரத்தில் பாதையாகிவிடும். படம் எடுத்து, கல் எண்ணோடு 1033-இல் புகார் செய்யுங்கள்.

நெரிசலில் நிற்கும்போது பின்னால் சைரன் கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? (பாளையங்கோட்டை)

இடத்தடத்தில் நிற்பவர் இடது ஓரத்துக்கு, வலத்தடத்தில் நிற்பவர் மீடியனை ஒட்டி. நடுவில் வழி பிறக்கும். தார்ப்பட்டையோடு 8.5 மீட்டர் அகலத்தில் இரண்டு லாரி 5.2 மீட்டரை எடுத்தாலும் 3.3 மீட்டர் மிச்சம். ஆம்புலன்ஸுக்கு அது போதும். ஜெர்மனியில் சைரன் கேட்கும் வரைகூடக் காத்திருக்கக்கூடாது, வண்டிகள் ஊர்ந்தாலே இப்படிப் பிரிந்து நிற்பது சட்டம். இங்கே வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-இ பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எல்லோரும் இடதுபக்கமே ஒதுங்கினால் அந்தத் தார்ப்பட்டையும் அடைபட்டு யாருக்கும் வழியில்லாமல் போகும்.

ஆம்புலன்ஸுக்கு டோல் உண்டா? (காவல்கிணறு)

கிடையாது. தீயணைப்பு வண்டிக்கும் அமரர் ஊர்திக்கும்கூடக் கிடையாது. விலக்கு பெற்ற ஃபாஸ்டாக் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள், டோல்கேட்டில் பேச்சுவார்த்தைக்கு வேலையிருக்காது.