மான் புழுக்கையில் இருப்பது எந்தப் புழு? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மான் புழுக்கையில் உள்ள குடற்புழு முட்டையை நுண்ணோக்கியில் பார்த்தே புழுவின் பெயரைச் சொல்லிவிடலாமே, மரபணு வரை போவானேன்?

பதில்: சிலவற்றைச் சொல்லலாம். நெமட்டோடைரஸ் என்ற குடற்புழுவின் முட்டை மற்றவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு நீளமாக இருப்பதால் உடனே பிடிபட்டுவிடும். ஆனால் அசைபோடும் விலங்குகளின் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ், அதே இரைப்பையில் வாழும் டெலடோர்சேஜியா, டிரைக்கோஸ்ட்ராஞ்சிலஸ் ஆகியவை இடும் முட்டைகள் மெல்லிய ஓட்டுடன் ஒன்றுபோலவே இருக்கும். வளர்ந்த ஆண்புழுவின் வால்முனை வேறுபாட்டைக் காட்டும். ஆனால் அதைப் பார்க்க விலங்கு இறந்திருக்க வேண்டும்.

கேள்வி: மரபணுவில் எந்தப் பகுதியைப் படிக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) மரபணுக்களுக்கு இடையில் உள்ள ஐ.டி.எஸ்.-2 என்ற துண்டைத்தான். அதன் இருபுறமும் உள்ள பகுதிகள் இந்தப் புழுக்களில் ஏறக்குறைய மாறாதிருப்பதால் ஒரே இணைத் தொடக்கிகளைக் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) கொண்டு பல இனங்களின் துண்டையும் பி.சி.ஆர். என்ற நகலெடுப்பு முறையில் பெருக்க முடிகிறது. நடுப்பகுதியோ இனத்துக்கு இனம் மாறுகிறது. ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸுக்கு அது 231 டி.என்.ஏ. எழுத்து நீளம். மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் ஹீமாங்கஸ் பிளேசையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுபவை அவற்றுள் மூன்றே எழுத்துகள். ஒரு செல்லுக்குள் இத்துண்டு பல நகல்களாக இருப்பதால் ஒற்றை இளம்புழுவே சோதனைக்குப் போதும்.

கேள்வி: சோதனையில் ஓர் இனத்துக்குக் கிடைக்கும் டி.என்.ஏ. வரிசைகளின் எண்ணிக்கையை அந்த இனப் புழுக்களின் எண்ணிக்கையாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. நகல்களின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் வேறுபடும். கிடைப்பது விகிதம் மட்டுமே, அதற்கும் திருத்தம் வேண்டும்.

கேள்வி: புழுக்கையைச் சேகரிப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: என் அனுபவத்தில் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். விலங்கு போட்டதைக் கண்ணால் பார்த்து, சூடு ஆறுமுன், மண்ணில் படாத மேல் புழுக்கைகளை மட்டும் எடுங்கள். தரையில் கிடந்தால் மண்ணில் வாழும் புழுக்கள் ஏறிக்கொள்ளும், அவையும் டி.என்.ஏ. தரும். கெடாமல் வைக்க, ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால் எத்தனாலே நல்லது. முட்டையைப் பொரிக்கவைத்து இளம்புழுவாக்கிச் சோதிப்பதாக இருந்தால் குளிர்பெட்டியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். ஹீமாங்கஸ் முட்டை அந்தக் குளிரைத் தாங்காது, மற்றவை தாங்கிவிடும். தொடக்க காலத்தில் நானும் அப்படி வைத்துவிட்டு, அந்த மந்தையில் ஹீமாங்கஸே இல்லை என்று எழுதி, பிறகு திருத்த வேண்டியதாயிற்று.

கேள்வி: காட்டு விலங்குகளிடமிருந்துதான் கால்நடைகளுக்குப் புழு பரவுகிறதா?

பதில்: பழி ஒருபக்கம் மட்டும் இல்லை. பிரிட்டனில் காட்டு ரோ மான்களின் ஹீமாங்கஸ் புழுக்களில், பென்சிமிடசோல் என்ற குடற்புழு மருந்தை எதிர்க்கும் பீட்டா டியூபுலின் மரபணு மாற்றம் இருந்தது 2014-இல் பதிவாயிற்று; யாரும் மருந்து ஊட்டாத மானுக்கு அது ஆட்டிடமிருந்தே வந்திருக்கக்கூடும். மான்களுக்குள்ளேயும் இடமாற்றம் நடக்கிறது. கிழக்காசியச் சிகா மான்களோடு ஐரோப்பாவுக்கு வந்த ஆஷ்வொர்தியஸ் சிடெமி என்ற புழு, 2000-இல் போலந்தின் பியாலோவியேசா காட்டில் வாழும் காட்டெருதுகளில் கண்டறியப்பட்டது. ஹீமாங்கஸின் நெருங்கிய உறவான அதன் முட்டையைப் பார்வையால் பிரிக்க முடியாது. உயிரோடிருக்கும் காட்டெருதில் அது புகுந்திருக்கிறதா என்று அறிய மரபணுச் சோதனையே வழி.