சிறுகுறிஞ்சான் மென்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக வெறும் வயிற்றில் சிறுகுறிஞ்சான் இலையும் இன்சுலின் செடி இலையும் மென்று வருகிறார். ‘சர்க்கரை இறங்கிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?’ என்கிறார். ஆனால் சில நாள் பதினொரு மணி வாக்கில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, சீர்காழி

பதில்: அந்த வியர்வைதான் எனக்குக் கவலை தருகிறது, சகோதரி. அது தாழ்சர்க்கரையாக, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போவதாக இருக்கலாம். அடுத்த முறை வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. சாப்பாடு தள்ளிப்போனாலே சர்க்கரையை இறக்கிவிடும். அதன்மேல் சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் இன்னும் இறங்கலாம்.

இலையை நான் குறை சொல்லவில்லை. மென்றதும் நாக்கில் சர்க்கரை போட்டால் மணலாகத்தான் தெரியும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. ரத்தச் சர்க்கரை குறைவது வேறு விஷயம். 1990-ல் சென்னையிலிருந்து வந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்குத் தினம் 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் சாரம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையை விட முடிந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது சிறிய ஆய்வு, அளந்து கொடுத்த சாரம், தொடர்ந்த கண்காணிப்பு. தோட்டத்து இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்தது?

இன்சுலின் செடியின் பெயரை நம்ப வேண்டாம். இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே போனால் வயிறு செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: மெட்ஃபார்மினுக்கு வழிகாட்டியதும் கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். ஆராய்ந்து, அளவு குறித்து, 1957-ல் சர்க்கரை நோய்க்கு மருந்தாக வந்தது.

டாக்டரைப் பார்க்கும்வரை இலைகளை நிறுத்திவையுங்கள். மாத்திரையை மாமியார் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் இன்றே டாக்டருக்குப் போன் செய்து நடுக்கத்தைச் சொல்லுங்கள், கிளிமிபிரைடு அளவை அவர் குறைக்கலாம். போகும்போது இலையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c), சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் கிளிமிபிரைடு உடம்பில் தங்கி இப்படி நடுங்கவைக்கும்.