கணக்கில் எழுதப்படாமல் கழியும் செலவு

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கிறேன், வயது 62. மறைந்த என் கணவர் வங்கி வழியாக வாங்கிய 9 பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகள் இப்போது என் பெயரில் உள்ளன. மதிப்பு 30 லட்சம் ரூபாய், அதில் லாபம் 9 லட்சம். எஸ்ஐபி என்ற தவணை முதலீட்டில் மாதம் 10,000 ரூபாயும் தொடர்ந்து போடுகிறேன். எல்லாம் ரெகுலர் திட்டங்கள், அதாவது விற்ற வங்கிக்குக் கமிஷன் போகும் வகை. செலவு அதிகம் என்பதால் உடனே விற்று டைரக்ட் திட்டத்துக்கு மாறச் சொல்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் மகன். மாறலாமா?

பதில்: மாறலாம், ஆச்சி. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

ஐந்தொகை போட்டுக் காலணாவுக்கும் கணக்குப் பார்த்த ஊர் நம்முடையது. ஆனால் ஃபண்டின் நிர்வாகச் செலவு எந்தப் பற்றுவரியாகவும் உங்கள் கணக்கில் வராது. ஆண்டுச் சதவீதம் நாள்தோறும் சிறுசிறு பங்காகக் கழிக்கப்பட்ட பிறகே என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, வெளியாகிறது. 2013 ஜனவரியில் அறிமுகமான டைரக்ட் திட்டங்களில் விநியோகஸ்தர் (உங்களுக்கு வங்கி) கமிஷன் கிடையாது என்பதால், அதே ஃபண்டு, அதே பங்குகள், குறைந்த செலவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொகுப்புக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஃபண்டின் எதிரிலும் விநியோகஸ்தருக்குச் சென்ற கமிஷன் ரூபாயிலேயே அச்சாகியிருக்கும். இரு திட்டங்களின் செலவு வித்தியாசம் 1 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு 30,000 ரூபாய். 10 சதவீத வளர்ச்சி 9 ஆகக் குறைந்தால், பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 6 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் குறையும். மழைக்கு முன் ஓடு மாற்றவும் வளவைப் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் செலவழிக்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகை அன்று.

ஆனால் டைரக்டுக்கு மாறுவது, வருமான வரிச் சட்டத்தின் பார்வையில், விற்று வாங்குவதுதான். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளின் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். வாரிசு உரிமையில் வந்த யூனிட்டுகளுக்கு உங்கள் கணவர் வாங்கிய விலையும் தேதியுமே கணக்கு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் விற்றால் சுமார் 97,000 ரூபாயும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் போகும். மூன்று ஆண்டுகளுக்கு மேலான சேமிப்பை முன்கூட்டியே கட்டியதாகிவிடும்.

ஆகவே எஸ்ஐபியை இன்றே நிறுத்தி, புதியதை டைரக்டில் தொடங்குங்கள். அதற்கு வரி எதுவும் இல்லை. பழையவற்றில், செலவு மிகுந்தும் லாபம் குறைந்தும் இருப்பவற்றை முதலில் விற்கலாம். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்தால் இரண்டு நிதியாண்டுகளின் சலுகை கிடைக்கும். ஓராண்டு ஆகாத எஸ்ஐபி தவணைகளைத் தொடாதீர்கள். அவற்றின் லாபத்துக்கு 20 சதவீத வரி, பல ஃபண்டுகளில் 1 சதவீத வெளியேறு கட்டணமும் உண்டு. ஒன்பதும் வேண்டுமா என்பதையும் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் இரண்டு லார்ஜ்கேப் ஃபண்டுகள் ஏறக்குறைய ஒரே பங்குகளை வைத்திருந்தால் ஒன்று போதும்.

டைரக்டில் படிவமும் நினைவூட்டலும் உங்கள் பொறுப்பு. அது சிரமமென்றால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்று, கமிஷன் வாங்காமல், கட்டணம் மட்டும் பெறும் ஆலோசகரை அமர்த்துங்கள். அந்தக் கட்டணத்தையும் அந்த 30,000 ரூபாயோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.