கேட்கிறார்கள், சொல்கிறேன்

கேள்வி: 'விண்ட்ரஷ்' விவகாரம் பற்றி ஒரு பதிலில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். சிறு வயதிலேயே பிரிட்டனுக்குப் போய் அங்கேயே தலை நரைத்தவர்கள் திடீரென்று எப்படிச் சட்டவிரோதக் குடியேறிகள் ஆனார்கள்?
– ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்

பதில்: ஆகவில்லை அம்மா, ஆக்கப்பட்டார்கள். 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்தபோது அதிலிருந்த ஜமைக்காக்காரர்கள், கரீபியத் தீவு மக்கள், பிரிட்டிஷ் பிரஜைகள். போரில் நொந்துபோன நாட்டில் பஸ் ஓட்டவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. அடுத்தடுத்து வந்த குடும்பங்களில் பிள்ளைகள் பலர் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே வந்தார்கள். 1973 ஜனவரி 1-க்கு முன் குடியேறியிருந்த காமன்வெல்த் மக்கள் காலமெல்லாம் தங்கலாம் என்றது 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். அந்த உரிமைக்கு அத்தாட்சியாக ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

2012-ல் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே, ஆவணமில்லாதவர்களுக்குப் பகையான சூழலை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 2014, 2016 சட்டங்களுக்குப் பிறகு முதலாளி, வீட்டுக்காரர், வங்கி எல்லோரும் குடியேற்ற அதிகாரிகளின் வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று. இங்கே வாழ்ந்ததற்கு ஆண்டுவாரியாகச் சான்று கொண்டு வா என்றார்கள், ஓர் ஆண்டுக்கு நான்கு என்ற கணக்கில். உதவியிருக்கக்கூடிய பழைய வருகை அட்டைகளை 2010-ல் அழித்ததும் அதே உள்துறைதான்!

கிழக்கு லண்டனில் ஓர் உதவி மையத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பவள் நான். 1979-ஆம் ஆண்டின் சம்பளச் சீட்டை எந்த வீட்டில் வைத்திருப்பார்கள்? என் கணவருக்குப் போன மாதத்து மின்கட்டண ரசீதே அகப்படாது.

கேள்வி: அமைச்சரே பதவி விலகிவிட்டார், இழப்பீடும் அறிவித்துவிட்டார்கள். பிறகும் எதற்குப் போராட்டம்?
– வாசகர், கோவை

பதில்: உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் 2018 ஏப்ரலில் விலகினார். அதற்கு யார் காரணம் என்று பாருங்கள். 1968-ல் ஜமைக்காவிலிருந்து சிறுமியாக வந்தவர் பாலெட் வில்சன். நாடாளுமன்ற உணவகத்தில் சமைத்தவர். 34 ஆண்டுகள் அரசின் தேசியக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டியவர். 2017 அக்டோபரில் அவரை யார்ல்ஸ் வுட் குடியேற்றத் தடுப்பு முகாமில் அடைத்து, நாடு கடத்த விமான நிலையம்வரை கொண்டுபோனார்கள். உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினரும் வுல்வர்ஹாம்ப்டன் நகர உதவி மையமும் குறுக்கிட்டதால் தப்பினார். அவரும் அவரைப் போலவே பாதிக்கப்பட்ட ஆந்தனி பிரையனும் முகத்தை மறைக்காமல் 'கார்டியன்' நாளிதழ் நிருபர் அமீலியா ஜென்டில்மேனிடம் பேசினார்கள். சமூகச் செயற்பாட்டாளர் பேட்ரிக் வெர்னன் இவர்களுக்காகத் தொடங்கிய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். லண்டனில் காமன்வெல்த் மாநாடு நடந்த வாரத்தில் அரசுக்குத் தலைகுனிவு. இதெல்லாம் சேர்ந்துதான் அந்த விலகல்.

2019 ஏப்ரலில் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. விண்ணப்பத்தைச் சீர்தூக்குவது எந்தத் துறை என்கிறீர்கள்? உள்துறை! அடித்தவனே காயத்துக்கு விலை போடுகிறான். விண்ணப்பிக்க அரசின் சட்ட உதவியும் கிடையாது. முதலில் வைத்த தொகை அற்பமாக இருந்தது. கூச்சல் கிளம்பிய பிறகு, 2020 டிசம்பரில், வாழ்க்கை பாதிக்கப்பட்டதற்கான குறைந்தபட்சத் தொகையை 10,000 பவுண்டு ஆக்கினார்கள். காத்திருந்தே இறந்தவர்கள் பலர். பாலெட் 2020 ஜூனில் பிரதமர் இல்லத்தில் மனுக் கொடுத்தார், ஜூலையில் காலமானார்.

இந்த விவகாரத்தை ஆராய்ந்து வெண்டி வில்லியம்ஸ் 2020-ல் அரசுக்கு அளித்த அறிக்கையில் 30 பரிந்துரைகள். எல்லாவற்றையும் ஏற்ற அரசு, 2023 ஜனவரியில் மூன்றைக் கைவிட்டது. அவற்றில் இரண்டைக் கைவிட்டது சட்டத்துக்குப் புறம்பு என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவும் பாதிக்கப்பட்ட ஒருவர் வழக்குப் போட்டதால். எதற்குப் போராட்டம் என்று இனியும் கேட்பீர்களா?

கேள்வி: என் பெரியப்பா 1969-ல் கொழும்பிலிருந்து லண்டன் போனவர். கரீபியர்களுக்கு மட்டும்தானா இந்தத் திட்டம்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. 1973-க்கு முன் குடியேறிய காமன்வெல்த் நாட்டவர் எல்லோருக்கும் உண்டு. இலங்கை, இந்தியா இரண்டும் அதில் அடக்கம். உரிமைக்கான ஆவணம் கோருவதற்குக் கட்டணம் இல்லை. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனை விட்டு வெளியே இருந்தாரா என்று கேளுங்கள். அப்படியானால் சிக்கல் உண்டு, வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. பள்ளிக்கூடம், கோயில், மருத்துவர், வேலை பார்த்த இடம் – எங்கே அவர் பெயர் பதிவாகியிருந்தாலும் நகல் கேட்டு இன்றே எழுதச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.