யாருடைய பணிப்பாளர்?

அன்புள்ள அண்ணா,

நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பணிப்பாளர் சபைக்கு இந்த முறை என்னைத் தெரிவு செய்தார்கள். பொம்பிளை ஒருத்தியும் இருக்க வேண்டும் என்று எங்கள் கிளையில்தான் பிடித்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து கிளைக்காரர் வந்து கேட்பது மகனுக்குச் சங்கத்தில் வேலை, சங்கத்தின் கிராமிய வங்கியில் கடன், கடைக்குக் கூடுதல் சாமான். சபைக் கூட்டத்துக்குப் போனால் பேப்பரை அங்கே வைத்துத்தான் தருகிறார்கள். வாசித்து முடிக்கமுன் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. போன கூட்டத்தில், அறுவடைக்கு நெல் வாங்க எந்தக் காசு என்று கேட்டேன். "டீச்சர், இது பள்ளிக்கூடமில்லை" என்றார் ஒருவர். கிளைக்காரருக்கும் உதவவில்லை, சபைக்கும் வேண்டாதவளாகிவிட்டேன். விலகிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

விலகாதீர்கள். அந்த நெல் கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் பணிப்பாளர் சபை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

முதலில் கிளைக்காரர் விசயம். நம் பக்கத்துக் கோயில்களில் வண்ணக்கர் என்ற நிருவாகி ஒரு குடியின், அதாவது ஒரு தாய்வழி வம்சத்தின், ஆளாக நிற்பார். குடியின் உரிமை, குடியின் திருவிழா, குடிக்குரிய மரியாதை எல்லாம் அவர் பொறுப்பு. கோயில் முறை அப்படி அமைந்தது, அதில் பிழை இல்லை. அதே பழக்கத்தைச் சங்கத்துக்குள்ளும் கொண்டுபோய் விடுகிறோம். உங்களை முன்னுக்கு நிறுத்தியது உங்கள் கிளைதான். ஆனால் சபையில் உட்கார்ந்த பிறகு நீங்கள் முழுச் சங்கத்துக்கும் பணிப்பாளர். கூட்டத்துக்கே வராத அங்கத்தவருக்கும், உங்களுக்கு எதிராகக் கை உயர்த்தியவருக்கும் சேர்த்துத்தான்.

அதோடு, பணிப்பாளருக்குத் தனியாள் அதிகாரம் கிடையாது. சபை கூடி, கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை) இருந்து, தீர்மானம் எடுத்தால்தான் அது அதிகாரம். கடைக்குப் போய் "இன்னாருக்குக் கொடு" என்று கிளை முகாமையாளரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. இதைக் கிளைக்காரரிடம் நேரே சொல்லுங்கள். வேலை கேட்டால், வெற்றிடம் வந்தால் விளம்பரம் போடச் சொல்லிச் சபையில் கேட்பேன், மகன் விண்ணப்பிக்கட்டும் என்று சொல்லுங்கள். கொஞ்ச நாள் முகம் கொடுக்கமாட்டார்கள். நானும் ஒரு தவணை பணிப்பாளராக இருந்தவன், அந்த முகங்களைத் தெரியும். அப்புறம் பழகிவிடுவார்கள். உங்கள் சொந்தக்காரரின் கடன் விண்ணப்பம் வந்தால் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போங்கள், போனதைக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள். நம் ஊர்களில் யார்தான் யாருக்குச் சொந்தமில்லை? அதனால்தான் இந்த வழக்கம் நமக்குக் கூடுதலாகத் தேவை.

சரி, நெல்லுக்கு வருவோம். பெரும்போக அறுவடையில் எல்லார் வயலிலும் ஒரே நேரத்தில் நெல் குவிகிறது. வெட்டு மெஷின் கூலியும் உரக்கடனும் கழுத்தைப் பிடிக்க, லொறியோடு வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. அப்போது சங்கம் வாங்க வேண்டும் என்று அங்கத்தவர் கேட்பது முழு நியாயம். ஆனால் வாங்கும் காசு கிராமிய வங்கி வைப்பிலிருந்து வருகிறதென்றால், அது சந்தையில் மரக்கறி விற்கிற அம்மா போட்ட காசு. மெஷின் வெட்டும் நெல் முந்தியைப் போலக் காயக் கிடப்பதில்லை, ஈரத்தோடே மூட்டைக்குப் போகிறது. அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீத ஈரப்பதன். 20 வீத ஈரத்தில் 100 கிலோ வாங்கினால், 14 வீதத்துக்குக் காயும்போது 93 கிலோதான் இருக்கும். அந்த 7 கிலோ யார் கணக்கில்? காய வைக்காமல் அடுக்கினாலோ மூட்டைக்குள் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். ஈரம் பார்க்கும் மீற்றர் சங்கத்தில் இருக்கிறதா, காயப்போடக் களம் எங்கே, எந்த மில்லோடு பேசியாயிற்று, விலை ஏறாவிட்டால் எத்தனை மாதம் வைத்திருப்பது? இதற்கெல்லாம் தீர்மானத்துக்கு முன்னமே விடை வேண்டும். நெல் வாங்கி அடுக்கிய பிறகு கேட்டு ஒரு பயனும் இல்லை. ஒழுங்கான பொது முகாமையாளர் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். நட்டம் வந்தால் முதலில் மாட்டுப்படுவது அவர்தானே.

பேப்பரைக் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் அனுப்ப வேண்டும் என்று பிரேரணை கொண்டுவாருங்கள். தோற்றால் அடுத்த கூட்டத்திலும் கொண்டுவாருங்கள். வாசிக்க நேரம் தராத விசயத்துக்குக் கை உயர்த்த வேண்டாம், உங்கள் மாற்றுக் கருத்தைக் கூட்டறிக்கையில் எழுதச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறுதிப்படுத்துங்கள். ஆனால் வாக்கெடுத்து முடிந்த பிறகு தேத்தண்ணிக் கடையில் நின்று சபையைக் குறை சொல்லாதீர்கள். தீர்மானம் என்ன, ஏன் என்பதை மட்டும் கிளையில் விளக்குங்கள். 1971இல் சின்னச் சங்கங்களை ஒன்றாக்கிப் பெரிய சங்கங்களாக மாற்றியதிலிருந்து சாதாரண அங்கத்தவருக்கும் சபைக்கும் இடையில் தூரம் கூடிவிட்டது. சங்கம் தங்களுடையது என்பதே பலருக்கு நினைவில் இல்லை, கூப்பன் கடை என்றே நினைக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வேதனை. அந்தத் தூரத்தைக் குறைக்க உங்களைப் போல ஊருக்குள் பேசத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். சங்கத்தின் உப விதிகளையும் கடைசி மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கைகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருடம் ஒருமுறையாவது கணக்காய்வு நடக்க வேண்டும் என்பதும், தேவைப்பட்டால் விசாரணை நடத்திப் பணிப்பாளர் சபையைக் கலைக்கப் பதிவாளருக்கு உள்ள அதிகாரமும் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திலேயே சொல்லப்பட்டவை. அறிக்கையில் இருப்புக் குறைவு, அறவிடப்படாத கடன் என்ற இரண்டு இடத்தையும் முதலில் பாருங்கள். ஒரே தொகை வருடா வருடம் அப்படியே வந்துகொண்டிருந்தால், அதை அறவிட யார் என்ன செய்தார் என்று சபையில் கேளுங்கள். அறிக்கையையே தராமல் இழுத்தடித்தால் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் காரியாலயத்துக்குக் கடிதம் போடுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.