மூன்றாவது ஸ்லாட் எது?

சர்வரில் புது டிரைவ் மாட்டுவது பற்றி ஆளுக்கு ஒரு பக்கமாகக் கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் எட்டு டிரைவ் போடக்கூடிய டவர் சர்வர் இருக்கிறது. நாலு டிரைவ் ரெய்டு 5-ல் ஓடுகிறது, மிச்ச நாலு இடமும் காலி. நேற்றுக் காலை ‘ஸ்லாட் 2 ஃபெயில்’ என்று திரையில் வந்தது. முன்பக்கம் போய்ப் பார்த்தால் நாலிலும் பச்சை விளக்குதான் எரிகிறது. புது டிரைவ் வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். காலண்டர் சீசன் என்பதால் முதலாளி சர்வரை நிறுத்த விடமாட்டார். ஓடும்போதே உருவி மாட்டலாம் என்கிறார்களே, செய்யட்டுமா?
– ஒரு வாசகர், சிவகாசி

செய்யலாம். ஆனால் இன்னும் எதையும் தொடாதீர்கள், ஏனென்றால் மெஷின் சொல்லும் ‘ஸ்லாட் 2’ உங்கள் கண்ணுக்கு எந்த இடம் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. ரெய்டு கார்டுகள், அதாவது பல டிரைவுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் கார்டுகள், பெரும்பாலும் 0-வில் இருந்துதான் எண்ணும், அப்படியானால் ஸ்லாட் 2 என்பது மூன்றாவது டிரைவ். சரி, மூன்றாவது என்றால் எங்கிருந்து? சில பெட்டிகளில் இடமிருந்து வலம், சிலவற்றில் மேலிருந்து கீழ், அசெம்பிள் செய்தவர் உள்ளே கேபிளை மாற்றிச் செருகியிருந்தால் இரண்டுமே இல்லை. ரெய்டு 5 ஒரு டிரைவ் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. உங்களிடம் ஒன்று ஏற்கனவே போய்விட்டது. தப்பித் தவறி நல்லதை உருவினால் அந்த நொடியே மொத்தமும் படுத்துவிடும்.

பச்சை விளக்கை நம்பாதீர்கள். அது டிரைவுக்கு மின்சாரம் வருகிறது, அல்லது அதில் படிக்கிற, எழுதுகிற வேலை நடக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பழுது விளக்கு எரிய வேண்டுமானால் கார்டிலிருந்து பேக்பிளேனுக்கு, அதாவது டிரைவ்கள் போய்ச் செருகும் பின்பலகைக்கு, அதற்கென்று ஒரு சிக்னல் போயாக வேண்டும். சில டவர்களில் அதற்கான மெல்லிய ஒயரை மாட்டாமலே விட்டிருப்பார்கள். உங்களுடையதும் அந்த ரகமாக இருக்கலாம்.

முதல் வேலை, பேக்கப். ரெய்டு இருக்கிறதே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள், அது ஒரு டிரைவ் போனாலும் வேலை நிற்காமல் ஓட ஏற்பாடு, அவ்வளவுதான். தப்பாக அழித்த ஃபைலை அது திருப்பித் தராது. அடுத்து ரெய்டு மென்பொருளில் நாலு டிரைவுகளின் சீரியல் நம்பரையும் எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், எது போனது என்று வட்டம் போடுங்கள். அந்த மென்பொருளிலேயே ‘லொகேட்’ என்று ஒன்று இருக்கும், அமுக்கினால் குறிப்பிட்ட டிரைவின் விளக்கு மினுக்கும். உங்கள் பெட்டியில் அது வேலை செய்யாமல் போகலாம். அப்போது எதிர்ப்பக்கமாக வாருங்கள்: சர்வரில் இருக்கும் பெரிய ஃபைல் எதையாவது வேறொரு கம்ப்யூட்டருக்குக் காப்பி போடுங்கள். நல்ல டிரைவ் மூன்றின் விளக்கும் படபடவென்று அடித்துக்கொள்ளும், ஒன்று மட்டும் அசையாமல் நிற்கும். அநேகமாக அதுதான் நம்ம ஆள்.

அந்த ‘அநேகமாக’ என்ற வார்த்தை உங்கள் வயிற்றைக் கலக்குகிறதென்றால், முதலாளியிடம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் கேளுங்கள். முறையாக ஷட் டவுன் செய்து ஒவ்வொரு டிரைவாக இழுத்து, லேபிளில் இருக்கும் சீரியல் நம்பரைத் தாளோடு ஒப்பிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகுங்கள். டிரைவைத் தாங்கும் ஒவ்வொரு ட்ரேயின் முகத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பரின் கடைசி நாலு எழுத்தை எழுதிவிட்டால் அடுத்த தடவை இந்தப் பாடு கிடையாது. நான் இதை ஒரு அலுவலகத்தில் செய்யாமல் விட்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். இடமிருந்து எண்ணி நம்பிக்கையோடு ஒன்றை உருவினேன், பக்கத்து அறையில் யாரோ “சார், எல்லாம் நின்னுடுச்சு” என்றார்கள். கையில் இருந்த டிரைவ் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ராத்திரி முழுக்க டீக்கடைக்கும் சர்வர் அறைக்கும் நடந்தேன்.

ஆள் யாரென்று உறுதியான பிறகு, மென்பொருளில் அந்த டிரைவை ‘ஆஃப்லைன்’ செய்யுங்கள், சில கார்டுகள் ‘ரிமூவலுக்குத் தயார்’ என்று இன்னொரு படியும் கேட்கும். தாழ்ப்பாளைத் திறந்து ஒரு அங்குலம் மட்டும் இழுத்து நிறுத்திவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும், உடனே வெளியே எடுத்துக் கையில் திருப்பினால் பம்பரத்தைப் பிடித்த மாதிரி டிரைவ் கையை எதிர்த்துத் திமிறும், அதெல்லாம் தட்டைப் படிக்கும் ஹெட்டுக்கு ஆகாது. நின்ற பிறகு வெளியே எடுத்து, ட்ரேயைக் கழற்றிப் புது டிரைவுக்குப் போடுங்கள். புதியது பழையதைவிட ஒரு பைட்கூடக் குறையக் கூடாது, பெரிதாக இருக்கலாம். ஒரே ‘4 டிபி’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசம் இருந்துவிட்டால் கார்டு வேண்டாம் என்றுவிடும்.

பிறகு ரீபில்ட், அதாவது மிச்ச டிரைவுகளில் இருப்பதை வைத்துக் கார்டு புது டிரைவை நிரப்பும் வேலை. 8 டிபி டிரைவை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் முழுக்க எழுதவே ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும், கூடவே உங்கள் ஆட்கள் டிசைன் ஃபைலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். அவ்வளவு நேரமும் மிச்ச மூன்று டிரைவுகளும் தலை முதல் கால் வரை படிக்கப்படும், அவையும் இதோடு ஒன்றாக வாங்கியவையாகத்தான் இருக்கும். பேக்கப்பை முதலில் சொன்னது அதனால்தான். யுபிஎஸ் பேட்டரியையும் முன்னாடியே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புது டிரைவ் வர இன்னும் நாலு நாள் ஆகும். அதற்குள் இடத்தைத் தயார் செய்துவைப்போம் என்று காலி ஸ்லாட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வைத்தேன். அன்றிலிருந்து ஃபேன் அலறுகிறது. எதையாவது உடைத்துவிட்டேனா?
– ஒரு பள்ளி அலுவலர், நாகர்கோவில்

எதுவும் உடையவில்லை. மூடியைத் திரும்ப மாட்டுங்கள்.

அந்த டம்மி மூடி அழகுக்காக வைத்ததில்லை. உள்ளே இருக்கும் ஃபேன்கள் முன்பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சி டிரைவுகளுக்கு இடையே இருக்கும் சந்து வழியாக இழுக்கின்றன. ஓர் இடம் பெரிதாகத் திறந்து கிடந்தால் காற்று அந்தச் சுலபமான வழியிலேயே போய்விடும், பக்கத்து டிரைவுகள் வெந்துகொண்டிருக்கும், சூடு ஏறுவதைப் பார்த்து சர்வர் ஃபேனை முடுக்கும். போதாக்குறைக்கு நம் ஊரில் திறந்த ஓட்டை என்றால் பல்லி குடிவந்துவிடும். புது டிரைவ் ட்ரேயில் ஏறித் தயாராகக் கையில் இருக்கும்போதுதான் டம்மியை எடுக்க வேண்டும். எடுத்ததைத் தூக்கிப் போடாமல் மேசை டிராயரில் வையுங்கள், என்றைக்காவது ஒரு டிரைவை எடுத்துவிட்டுச் சும்மா விட நேர்ந்தால் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மூடியைக் கழற்றிய அந்த ஒரு நிமிடத்தில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஆழத்தில் கனெக்டர் தெரியும், அதன் பிளாஸ்டிக் உடைந்திருக்கக் கூடாது. தூசி திரண்டிருந்தால் மென்மையான பிரஷ் போதும், ஆனால் கனெக்டர் பக்கத்தில் கை வைப்பதென்றால் சர்வரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் குழாய் முனையில் ஸ்டாட்டிக் சேரும். புது டிரைவை மாட்டும்வரை அந்தப் பளபளப்பான பைக்குள்ளேயே வைத்திருங்கள், எடுக்கும் முன் சர்வரின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், டிரைவின் அடியில் இருக்கும் சர்க்யூட்டில் விரல் படாமல் பக்கவாட்டில் பிடியுங்கள். கையில் கட்டும் எர்த் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஏசி இல்லாத கூரியர் வண்டியில் வந்த பெட்டியைக் குளிர்ந்த சர்வர் அறைக்குக் கொண்டுபோனால், அறையின் வெப்பத்துக்கு வர அதற்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ட்ரேயோடு வந்த ஸ்க்ரூ தொலைந்துவிட்டது. கடையில் வாங்கியது உள்ளே போகிறது, ஆனால் இறுகவில்லை. நாலு போட்டும் டிரைவ் லேசாக ஆடுகிறது. ஆடினால் என்ன?
– ஒரு மில் ஊழியர், கோவை

கடைக்காரர் உங்களுக்கு எம்3 கொடுத்திருக்கிறார். அது 2.5 அங்குல டிரைவுக்கு. 3.5 அங்குலத்துக்கு 6-32 என்று சொல்லப்படும், கொஞ்சம் தடித்த, மரை அகலமான ஸ்க்ரூ வேண்டும். சின்னதைப் பெரிய ஓட்டையில் போட்டால் இப்படித்தான் வழுக்கும். பெரியதைச் சின்ன ஓட்டையில் திணித்து மரையைக் கெடுப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு நீங்கள் பரவாயில்லை. நீளமான ஸ்க்ரூவும் போடாதீர்கள், உள்ளே போய் எதையாவது இடிக்கும்.

ஆடினால் ஆபத்து இரண்டு. கனெக்டர் நேராகப் போய் உட்காராது, அதை உணராமல் நீங்கள் அழுத்துவீர்கள். அப்புறம் அதிர்வு. இது கற்பனை பயம் இல்லை, 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த டிரைவ் அடுக்கின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார், டிரைவுகள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அந்த நொடியில் எகிறியதைத் திரையில் வரைபடமாகக் காட்டினார். வெறும் மனிதக் குரலுக்கே அந்தப் பாடு என்றால் தறி ஓடும் மில்லில், ஸ்க்ரூ இறுகாத டிரைவுக்கு என்ன கதியாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2.5 அங்குல எஸ்எஸ்டியைப் பெரிய ட்ரேயில் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டை பொருந்துகிறதே என்று எங்காவது முடுக்கினால் கனெக்டர் தவறான இடத்தில் நிற்கும். அதற்கென்று இருக்கும் அடாப்டர் தகட்டோடு போடுங்கள்.

ரிச்சி தெருவில் சாஸ் டிரைவ் மலிவாகக் கிடைக்கிறதே, எங்கள் சர்வரில் இப்போது இருப்பவை சாட்டா. வாங்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

சாஸ், சாட்டா இரண்டும் டிரைவை சர்வரோடு இணைக்கும் இரண்டு முறைகள். முதலில் உங்கள் கார்டும் பேக்பிளேனும் சாஸ் வகையா என்று பாருங்கள். சாஸ் பேக்பிளேனில் சாட்டா டிரைவ் உட்காரும், ஆனால் சாட்டா இடத்தில் சாஸ் உட்காராது. இரண்டு டிரைவையும் அருகருகே வைத்து முனையைப் பார்த்தால் புரிந்துவிடும்: சாட்டாவில் டேட்டா பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் ஒரு வெட்டு இருக்கும், சாஸில் அந்த இடம் அடைபட்டிருக்கும். போகவில்லையென்றால் போகவில்லை, சுத்தியல் எடுக்காதீர்கள்.

போகிறது என்றே வைத்துக்கொள்வோம். பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றி வந்த சாஸ் டிரைவ்கள் சில 520 பைட் செக்டாராக, அதாவது தகவலை 520 பைட் துண்டுகளாக வைக்கும்படி, ஃபார்மட் ஆகியிருக்கும், சாதாரண சர்வர் 512 எதிர்பார்க்கும். டிரைவ் தெரியும், ஆனால் பயன்படுத்த முடியாது. லினக்ஸில் எஸ்ஜி ஃபார்மட் என்ற கருவியால் மாற்றலாம், பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. கார்டு பழசு என்றால் இன்னொரு வரம்பும் உண்டு: சாஸ்1068ஈ சிப் வைத்த கார்டுகள் 2 டிபிக்கு மேல் பார்க்காது, 4 டிபி வாங்கினாலும் பாதிக் காசு வீண்.

அப்புறம், ‘புத்தம் புதுசு, ஓடிய நேரம் பூஜ்யம்’ என்று யார் சொன்னாலும் ஒரு தடவை சோதியுங்கள். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ் இதழ் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. கடைகளில் புதிது என்று விற்ற சீகேட் எக்ஸோஸ் டிரைவுகள் சில பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை, டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் வழக்கமான ஸ்மார்ட் கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள், ஆனால் அந்த டிரைவுகளுக்குள்ளேயே ஃபார்ம் என்று இன்னொரு பதிவு இருந்தது, அதை அழிக்க மறந்துவிட்டார்கள். டிரைவைச் சோதிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அந்தப் பதிவைப் படிக்க முடியும். சீகேட் வாங்கினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய டிரைவ் என்றால் முந்தைய சர்வரின் ரெய்டு குறிப்பும் அதில் மிச்சம் இருக்கும். கார்டு ‘ஃபாரின்’, அதாவது வேறிடத்து டிரைவ், என்று சொல்லி அந்தக் குறிப்பை இம்போர்ட் செய்யட்டுமா என்று கேட்கும். உங்களுக்குத் தேவை கிளியர், இம்போர்ட் அல்ல. ஆனால் ‘ஃபாரின்’ என்று காட்டுவது உங்கள் சொந்த டிரைவ்களில் ஒன்றாக இருந்தால் கிளியரை அமுக்காதீர்கள், விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

யுஎஸ்பி டிரைவை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்து சர்வரில் போட்டேன். சுற்றவே இல்லை. யுஎஸ்பியில் நன்றாக ஓடியது.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

டிரைவ் செத்துவிடவில்லை. புது சாட்டா டிரைவ்கள் சிலவற்றில் பவர் பகுதியின் மூன்றாவது பின்னுக்கு மின்சாரம் வந்தால் ‘அணைந்திரு’ என்று அர்த்தம். உங்கள் பேக்பிளேன் பழைய முறைப்படி அங்கே 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, டிரைவும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறது. டிரைவின் அந்த ஒரு பின்மேல் கேப்டன் (Kapton) எனப்படும் சூடு தாங்கும் டேப்பை மெல்லிய துண்டாக வெட்டி ஒட்டினால் ஓடும். சாதா செல்லோடேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி கனெக்டரில் ஒட்டும்.

கெட்டுப்போன டிரைவை எப்போது தூக்கிப் போடலாம்?
– மறுபடி சிவகாசி, அதே வாசகர், தனித் தபாலில்

ரீபில்ட் 100 சதவீதம் முடிந்து, பேக்கப்பும் ஒரு தடவை ஓடிய பிறகு. அதுவரை தேதியும் சீரியல் நம்பரும் எழுதி பீரோவில் வையுங்கள். ரீபில்ட் நடுவில் இன்னொன்று படுத்தால், அரைகுறையாகப் படிக்கக்கூடிய அந்தப் பழசுதான் மீட்பு ஆட்களுக்குக் கை கொடுக்கும். காயலான் கடைக்குப் போடும் முன் டேட்டாவை அழித்துவிடுங்கள், அழிக்க முடியாத நிலையில் இருந்தால் தட்டில் நாலு ஓட்டை டிரில் போடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் அடுத்த வருட காலண்டர் டிசைன் எல்லாம் அதில்தானே இருக்கிறது.