டிசம்பர் மான் வேட்டைக்கு என்ன பேண்ட் வாங்கலாம், உள்ளே எத்தனை அடுக்கு உடுத்த வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: நவம்பர் துப்பாக்கி சீசனில் போட்ட பேண்ட்டே டிசம்பர் மஸில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் திணிக்கும் துப்பாக்கி) சீசனுக்கும் போதுமா? மினசோட்டாவில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பரணில் உட்கார 400 டாலருக்குள் என்ன வாங்கலாம்? பரண்வரை நடந்து போக அந்தப் பேண்ட் தாராளமாகப் போதும். ஆனால் உட்கார்ந்திருக்கப் போதாது. நடக்க ஒரு உடை, உட்கார வேறு உடை என்று பிரித்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்தது.

மஸில்லோடர் சீசன் தாங்க்ஸ்கிவிங் (நவம்பரின் நான்காவது வியாழன்) முடிந்த சனிக்கிழமை தொடங்கி 16 நாள் நடக்கிறது. அப்போது விடியற்காலையில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வடக்கே பெமிட்ஜி பக்கம் மைனஸ் 20க்கும் இறங்கும். காற்றும் சேர்ந்தால் கதையே வேறு. அமெரிக்க வானிலைத் துறையின் கணக்குப்படி, மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 28 போலத் தெரியும், மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையலாம். அதே குளிரில் பனிச்சறுக்குப் போகிறவருக்கு வியர்க்கும், ஏனென்றால் அவருடைய தசைகள் வேலை செய்கின்றன. பரணில் இருப்பவருக்கோ உடம்பின் பெரிய தசைகளெல்லாம் உள்ள தொடையும் இடுப்பும் மணிக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. அப்படியிருந்தும் பெரும்பாலானோர் ஜாக்கெட்டுக்குக் காசை அள்ளிக் கொடுத்துவிட்டு, காலுக்கு ஒரு தெர்மலும் மெல்லிய பேண்ட்டும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் செலவு காலுக்குத்தான்.

பேண்ட்டுக்கு முன்னால் வியர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகில் பை, கையில் துப்பாக்கி, காலடியில் பனி என்று அரை மைல் நடந்தால் மைனஸ் 15லும் வியர்க்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈர உள்ளாடையோடு ஏறி உட்கார்ந்தால், மேலே எவ்வளவு விலையுள்ள உடை இருந்தாலும் ஒன்பது மணிக்குள் பல் தந்தியடிக்கும். அதனால் கனமான பேண்ட்டையும் ஜாக்கெட்டையும் பையில் கட்டிக்கொண்டு போங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. மெதுவாக நடங்கள். பரணுக்கு அடியில் ஐந்து, பத்து நிமிடம் நின்று சூடு தணிந்ததும் உள்பனியனையும் சாக்ஸையும் மாற்றிக்கொண்டு, அப்புறம் கனமானதை உடுத்துங்கள். சட்டையைக் கழற்றும் அந்த ஒரு நிமிடம் உயிர் போகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு மதியம்வரை உலர்ந்த உடம்போடு இருக்கலாம்.

தோலை ஒட்டிய அடுக்கு மெரினோ கம்பளியாக இருக்கட்டும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை நூலுக்குள் இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பாலியெஸ்டர் தெர்மல் விலை குறைவு, சீக்கிரம் காயும், அதுவும் பரவாயில்லை. பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ், சாதாரணப் பனியன், பருத்தி சாக்ஸ் எதுவும் கூடாது, உள்ளாடைகூடப் பருத்தி இல்லாததாகப் பாருங்கள். மெரினோவுக்கு மேலே நடக்கும்போது உங்கள் நவம்பர் பேண்ட். பரணுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற செயற்கைத் துணியான ஃப்ளீஸில் ஒரு தடித்த பேண்ட், அதற்கும் மேலே காற்றுப் புகாத வெளிப்பேண்ட். காலுக்கு இந்த மூன்று அடுக்கு போதும். நான்காவதைச் சேர்த்தால் எல்லாம் இறுகி, நடுவில் நிற்க வேண்டிய காற்று வெளியேறிவிடும். உண்மையில் சூட்டைப் பிடித்து வைப்பது அந்தக் காற்றுதான்.

வெளிப்பேண்ட் வாங்கும்போது இடுப்போடு நிற்பதை விட்டுவிட்டு, மார்புவரை ஏறித் தோள்பட்டியில் தொங்கும் பிப் வகையை எடுங்கள். குனிந்து உட்காரும்போது முதுகின் அடிப்பகுதி திறக்காது. பெல்ட் தேவையில்லை என்பதால் இடுப்பில் அடுக்குகள் நசுங்காது. பக்கவாட்டு ஜிப் கணுக்காலிலிருந்து இடுப்புவரை முழுவதும் திறக்க வேண்டும், இல்லையென்றால் பனிக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்ற வேண்டியிருக்கும். முன்பக்க ஜிப் கீழிருந்தும் மேலிருந்தும் திறக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்க உட்காருகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. பெண்கள் அணிய என்றால் பின்புறம் தனியாகத் திறக்கும் மாடல்கள் இருக்கின்றன. ஜிப்பின் நுனியில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டிவிட்டால் தடித்த கையுறையோடும் இழுக்கலாம்.

துணியின் சத்தத்தைக் கடையிலேயே சோதியுங்கள். நகத்தால் குறுக்கே கீறினால் சரசரவென்று கேட்கிறதா? அறைச் சூட்டில் அப்படிக் கேட்பது மைனஸ் 15ல் விறைத்துப்போய் இன்னும் உரக்கக் கேட்கும், இருபது கெஜத்தில் நிற்கும் மானுக்கு அது போதும். மேற்பரப்பு ஃப்ளீஸாகவோ கம்பளியாகவோ இருந்து, காற்றைத் தடுக்கும் சவ்வு உள்ளே இருக்கிற வகைதான் நல்லது. அப்புறம், உள்ளே உடுத்தப்போகும் அடுக்குகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். முழங்காலை மார்புவரை தூக்குங்கள், ஏணி ஏறும்போது அப்படித்தான் தூக்க வேண்டும். தொடை பிடித்தால் ஒரு அளவு பெரியதாக எடுங்கள்.

பழைய பாணிக் கனத்த கம்பளிப் பேண்ட்டும் இன்னும் நன்றாகவே உழைக்கிறது. வெர்மான்ட்டில் 1842ல் தொடங்கிய ஜான்சன் உல்லன் மில்ஸ் போன்றவர்கள் தைத்த பேண்ட்டுகளை அப்பாவிடமிருந்து வாங்கிப் போடுகிற பிள்ளைகள் உண்டு. சத்தமே வராது, நனைந்தாலும் சூடு விடாது. காற்று மட்டும் உள்ளே புகும், எடையும் அதிகம். காற்றில்லாமல் பனி பெய்கிற நாளில் எனக்குக் கம்பளிதான் பிடிக்கும். திறந்த வயலோரம் என்றால் சவ்வு வைத்த பிப்.

மேலுடம்புக்கு மெரினோ, ஃப்ளீஸ், கனத்த ஜாக்கெட் என்று அதே கணக்கு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையும் (சட்டைக் கையும் கையுறையும் தவிர) தொப்பியும் பளிச்சென்ற ஆரஞ்சாகவோ பிங்க்காகவோ இருக்க வேண்டும் என்பது மினசோட்டா சட்டம், மஸில்லோடர் சீசனுக்கும் அது உண்டு. கனத்த ஜாக்கெட்டுக்கு மேலே ஏறும் அளவுக்குப் பெரிய ஆரஞ்சு வெஸ்ட் வாங்குங்கள். அதனால் மான் பார்த்துவிடும் என்ற பயம் வேண்டாம். மானின் கண்ணில் சிவப்பைப் பிரித்தறியும் செல்கள் இல்லை. நீலமும் புற ஊதாவும்தான் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் துணிக்கு வெண்மை கூட்டும் சோப்பில் இந்த உடைகளைத் துவைக்காதீர்கள், அந்த ரசாயனம் புற ஊதா ஒளியில் மின்னும். பரணில் கட்டும் பாதுகாப்பு வாரையும் இத்தனை அடுக்குக்கு மேல் போட்டு, வீட்டிலேயே ஒருமுறை அளவு சரிசெய்துவிடுங்கள்.

பூட்ஸில் 800 கிராம், 1000 கிராம் தின்சுலேட் என்று போட்டிருப்பது, குளிரைத் தடுக்க உள்ளே வைக்கும் அந்தச் செயற்கைப் பஞ்சின் ஒரு சதுர மீட்டர் எடை. உட்கார்ந்திருக்க அதற்குக் குறையாமல் பாருங்கள், அல்லது கழற்றக்கூடிய கம்பளி உள்ளுறை வைத்த பூட்ஸ் எடுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் முன்பைவிட மோசமாக மரத்துப்போகும். கைச்சூட்டுப் பொட்டலத்துக்குள் இருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது, இறுக்கமான பூட்ஸுக்குள் அது சீக்கிரம் அணைந்துவிடும். இடுப்பில் கட்டி இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ளும் பைக்குள் போட்டால் மணிக்கணக்கில் நிற்கும். எவ்வளவு நல்ல பேண்ட்டானாலும் உட்காரும் இடத்தில் நசுங்கிவிடும், எனவே ஒரு தடித்த ஃபோம் மெத்தை அவசியம். இரும்புப் பரண் என்றால் காலுக்கு அடியிலும் ஒரு துண்டு ஃபோம் போடுங்கள்.

400 டாலரைப் பிரிப்பதென்றால், பாதிக்கு மேல் பிப்புக்கே போகட்டும். மிச்சத்தில் மெரினோ உள்ளாடை, ஒரு சாதாரண ஃப்ளீஸ் பேண்ட், கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, ஃபோம். ஃப்ளீட் ஃபார்ம் போன்ற கடைகளில் இவை எல்லாமே கிடைக்கும். ஜாக்கெட் இந்த வருடம் புதிதாக வேண்டாம், வீட்டில் இருக்கும் குளிர்கால ஜாக்கெட் சத்தம் போட்டால் அதன்மேல் ஒரு பெரிய ஃப்ளீஸைப் போட்டு மூடிவிடலாம். பூட்ஸுக்குப் பணம் பற்றாது என்றால் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், வேட்டைக்காரர் வீட்டில் ஒரு ஜோடியாவது உபரியாகக் கிடக்கும். காசு இன்னும் இறுக்கம் என்றால் ராணுவ உபரிக் கடையில் கம்பளிப் பேண்ட் மலிவாகக் கிடைக்கும்.

மாலை வீட்டுக்கு வந்ததும் பூட்ஸ் உள்ளுறையையும் பிப்பையும் வண்டியில் விட்டுவிடாமல் உள்ளே கொண்டுவந்து தொங்கவிடுங்கள். அன்று இழுத்த ஈரம் ராத்திரிக்குள் காயாவிட்டால் மறுநாள் காலை ஐந்து மணிக்கே குளிரத் தொடங்கிவிடும்.